நீர் தேடிப் புறப்பட்டவன்

சென்ற திங்கள் திருப்பதியிலிருந்து ஓர் அன்னையார் எழுதிய மடல் என் கைக்கு வந்தது. பிழைப்பை நாடிக் கும்பகோணத்திலிருந்து வந்து அந்நகரில் குடியேறிய குடும்பம் அவருடையது. மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கின்றான். “இரவு பன்னிரண்டு மணி வரை கணினியின் முன் அமர்ந்திருக்கிறான். உலகம் அழிந்த பிறகு நடக்கும் ஏதோ விளையாட்டாம். நாள்தோறும் அதில் செத்துச் செத்துப் பிழைக்கிறான். எழுந்து வந்தால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. இவன் தந்தையாரோ கணினியைப் பூட்டி வைத்துவிடுவேன் என்கிறார். இதில் தீமை உண்டா, நன்மை உண்டா என்று தங்கள் பகுதியில் எழுத வேண்டும்” என்பது அம்மடலின் சாரம்.

அறியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் அறமன்று. ஆகவே சித்தூரில் வாழும் என் தங்கை மகனை அணுகி, அவ்விளையாட்டைக் கற்றுத் தருமாறு வேண்டினேன். “மாமா, உங்களுக்கு எதற்கு இது?” என்று சிரித்தான், ஆயினும் கற்றுக் கொடுத்தான். முதல் நாள் கால் மணி நேரத்திற்குள் ஒரு குகையில் எலி கடித்து மாண்டேன். அறுபதை நெருங்கும் வயதில் எலியிடம் தோற்ற வெட்கம் என்னை விடவில்லை. ஒரு மாதம் முயன்று, ஒருவாறு அதன் நெறியை உணர்ந்தேன். உணர்ந்ததை அன்னையார்க்கும், அவர் மகனைப் போல் புதிதாக ஆடப் புகும் தம்பியர்க்கும் இங்கே தருகிறேன்.

விளையாட்டின் பெயர் ‘ஃபால்அவுட்’. அணுகுண்டு வெடித்தபின் வானத்திலிருந்து மண்ணில் வந்து படியும் நச்சுத் தூளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. அமெரிக்காவில் இன்டர்பிளே என்னும் நிறுவனத்தார் 1997-ஆம் ஆண்டு அக்டோபரில் இதனை வெளியிட்டனர். டிம் கெய்ன் என்பவர் 1994-இல் ஏறத்தாழத் தனியொருவராகத் தொடங்கிய பணி இது. இதன் வழிவந்த விளையாட்டுகள் பல. 2024 ஏப்ரலில் இது தொடராகவும் வெளிவந்தமையால், நம் பிள்ளைகள் பலர் பழைய முதல் விளையாட்டைத் தேடி எடுத்து ஆடுகின்றனர். விலையுயர்ந்த கணினி எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. எனினும் ஒன்றை முதலிலேயே கூறிவிடுதல் கடமை. இதில் குருதியும் கொலையும் உள்ளன. பதினேழு வயது நிரம்பாதார்க்கு இஃது உரியதன்று.

கதை இதுதான். 2077-இல் ஒரு பெரும்போர் மூண்டு உலகம் எரிந்து போகின்றது. சிலர் மட்டும் நிலத்தடியில் கட்டிய காப்பறைகளில் புகுந்து உயிர் பிழைக்கின்றனர். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் மரபினர் வெளியுலகைக் கண்டதில்லை. 2161-இல், பதின்மூன்றாம் எண் காப்பறையில் நீரைத் தூய்மை செய்யும் பொறியின் சில்லு பழுதாகின்றது. மாற்றுச் சில்லு இல்லை. நூற்றைம்பது நாளில் நீர் தீர்ந்துவிடும். ஒருவனை வெளியே அனுப்புகின்றனர். அவன்தான் ஆடுபவன். அவன் கையில் ஒரு கைத்துப்பாக்கி, ஒரு கத்தி, சிறிது மருந்து போன்ற சிலவே உள்ளன.

ஆயிரம் அடி துளைத்தும் நீர் காணாத கிணறுகளை அறிந்தவர் நாம். தண்ணீர் வண்டியின் ஒலி கேட்டுக் குடத்துடன் ஓடியவர் நம்முள் பலர். ஆகவே இக்கதையின் தொடக்கம் நமக்கு விளங்காமற் போகாது. இனி, புதியவர் கருத வேண்டியவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, எல்லாவற்றிலும் வல்லவனாக முயலாதே. ஆட்டத்தின் தொடக்கத்தில் வலிமை, புலன்கூர்மை, தாங்குதிறன், கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, நற்பேறு என்னும் ஏழு இயல்புகளுக்கு அளவு குறிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்தில் தொடங்கும். மேலும் ஐந்து புள்ளிகள் கையில் தரப்படும். புதியவர் அவற்றைச் சமமாகப் பங்கிட்டுவிடுவர். அங்கேயே தோல்வி தொடங்கிவிடுகின்றது. சுறுசுறுப்பை ஒன்பது அல்லது பத்தாக வைத்துக்கொள்க. ஏனெனில் இதில் சண்டை தாயம் போன்றது; ஒருவர் ஆடி முடித்தபின்தான் மற்றவர் ஆடுவர். ஒரு முறையில் எத்தனை செயல் செய்யலாம் என்பதைச் சுறுசுறுப்பே தீர்மானிக்கின்றது. அது பத்தாயின் பத்துச் செயற்புள்ளிகள் உண்டு. கைத்துப்பாக்கியால் ஒருமுறை சுட ஐந்து புள்ளிகள் ஆகும்; எனவே இருமுறை சுடலாம். ஒரு படி குறைந்தாலும் ஒருமுறைதான். அடுத்து அறிவை உயர்த்துக. நிலை உயருந்தோறும் கிடைக்கும் பயிற்சிப் புள்ளிகள் அறிவின் அளவையே பொறுத்தவை. அறிவு நான்கிற்குக் கீழ்ப்போனால் அவனால் சரிவரப் பேசவும் இயலாது. எதிர்ப்படுவோர் அவனைப் பேதை என்று ஒதுக்கிவிடுவர்.

இரண்டாவது, மூன்று தொழிலைத் தேர்ந்துகொள். பதினெட்டுத் திறன்கள் பட்டியலில் உள்ளன. அவற்றுள் மூன்றை மட்டும் சிறப்பாகக் குறிக்கலாம். குறித்தவை இருமடங்கு விரைவில் வளரும். சிறு துப்பாக்கி, பேச்சு, பூட்டுத் திறத்தல் ஆகிய மூன்றும் புதியவர்க்குப் போதும். பெருந்துப்பாக்கியும் ஒளிக்கதிர்க் கருவியும் கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அவை கைக்கு எட்டுவது பிற்பகுதியில்தான். இல்லாத கருவிக்குப் பயிற்சி பெற்று, கையிலுள்ள கருவியை இயக்கத் தெரியாமல் மாள்வோர் பலர். நானும் அவ்வாறு மாண்டவனே.

மூன்றாவது, ஊருக்குள் நுழையும்போது படைக்கருவியை உறையில் இடு. காப்பறையிலிருந்து கிழக்கே செல்லும் வழியில் ஷேடி சாண்ட்ஸ் என்னும் சிற்றூர் எதிர்ப்படும். துப்பாக்கியை ஏந்தியபடி நுழைந்தால் அவ்வூரார் அதனை உள்ளே வைக்கச் சொல்வர். கேளாதவனுக்கு அங்கே நட்பு இல்லை. பணிந்து பேசுபவனுக்கு அவ்வூர் கயிறு தரும், துணைவன் தருவான், வழி தரும். கயிறு அற்பப் பொருளன்று. அது இல்லாமல் அடுத்துள்ள பதினைந்தாம் காப்பறைக்குள் இறங்கவே இயலாது. நம் குடும்பங்கள் இந்நகரங்களுக்கு வந்த நாளை நினைத்துப் பாருங்கள். தெலுங்கில் ‘பாகுன்னாரா’ என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு அண்டை வீட்டுக் கதவைத் தட்டியவர்க்கு முதல் நாளே தண்ணீர்க் குழாய் இருக்குமிடம் தெரிந்தது. வாய் திறவாதவர் ஒரு வாரம் அலைந்தார்.

நான்காவது, துணையை நம்பு. ஆனால் அவன் இயல்பை அறிந்து நம்பு. அவ்வூரில் இயன் என்பவன் நூறு காசுக்கோ நல்ல பேச்சுக்கோ உடன் வருவான். அவன் கையில் சரமாரியாகச் சுடும் துப்பாக்கியைக் கொடுத்துவிடாதே. இடையில் நீ நிற்பதை அவன் பாரான்; உன் முதுகே துளைபடும். ஜங்க்டவுன் என்னும் அடுத்த ஊரில் ஒரு நாய் இருக்கின்றது. அதற்கு உணவிட்டால் அன்றுமுதல் உன்னைப் பிரியாது. ஆட்டத்தில் நான் பெற்ற துணைகளுள் அதுவே சிறந்தது.

ஐந்தாவது, வெட்டவெளியில் பலரோடு பொருதாதே. ஆடுபுலி ஆட்டத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் வெல்வது வீரத்தால் அன்று, இடத்தைப் பிடித்து நிற்பதால். இங்கு நீ தனியன்; பகைவரோ பலர். கதவு வாயிலில் நின்றால் அவர்கள் ஒவ்வொருவராகத்தான் வர இயலும். இயலாதெனத் தோன்றினால் களத்தின் ஓரத்திற்கு ஓடி வெளியேறு. பின்வாங்குதல் இவ்விளையாட்டில் இழிவன்று.

ஆறாவது, ஆட்டத்தை அடிக்கடி பதிவு செய்து வை. பத்துப் பதிவுகளுக்கு இடமுண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் பதிந்து, இறக்கும் நொடியில் சிக்கிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கியவரின் சினத்தையே அன்னையார் மகன் முகத்தில் கண்டிருப்பார் என்று கருதுகிறேன். ஊருக்குள் நுழையுமுன் ஒன்று, சண்டைக்கு முன் ஒன்று என மாற்றி மாற்றிப் பதிக. நாட்கணக்கையும் மறவாதே. வரைபடத்தில் வீணே அலையும் ஒவ்வோர் அடிக்கும் நாட்கள் கழிகின்றன. அங்கே காப்பறையில் நீர் குறைந்துகொண்டிருக்கின்றது.

இந்த ஆறையும் கைக்கொண்டவன் எளிதில் சாகமாட்டான். ஆனால் இவ்வளவுக்காக மட்டும் நான் இக்கட்டுரையை எழுதவில்லை.

தேடும் சில்லு நெக்ரோபோலிஸ் என்னும் பாழ்நகரின் அடியில் கிடைக்கின்றது. அங்கே வாழ்வோர் கதிர்வீச்சால் தோல் உரிந்து உருக்குலைந்த மாந்தர். பார்ப்பதற்கு அச்சம் தருவர். ஆனால் அவர்களும் நீர் குடித்து வாழ்பவர்களே. அவர்களுக்கு நீர் தருவதும் அதே சில்லுதான். நீ அதனை எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம். உன்னைத் தடுக்க அவர்களுக்கு வலிமை போதாது. உன் ஊர் பிழைக்கும். அவ்வூர் நீரின்றி மடியும். வேறு வழியும் உண்டு. அங்கே பழுதடைந்து கிடக்கும் நீரேற்றி ஒன்று இருக்கின்றது. அதற்கு வேண்டிய உறுப்புகளைச் சாக்கடையில் தேடி எடுத்து, செப்பம் செய்து இயக்கிவிட்டால், சில்லை எடுத்தாலும் அவர்களுக்கு நீர் நிற்காது. அதற்கு நாள் ஆகும்; உழைப்பும் ஆகும். கணினி உன்னைக் கட்டாயப்படுத்தாது. செய்யாமற் போனாலும் ஆட்டம் மேலே நடக்கும்.

என் தங்கை மகன் முதன்முறை ஆடியபோது நீரேற்றியைக் கவனியாமல் சில்லுடன் வந்துவிட்டானாம். பின்னர் அவ்வூரார் மடிந்ததை அறிந்து, மூன்று நாள் ஆட்டத்தை அவன் தொடவில்லை. பிறகு பழைய பதிவைத் திறந்து, திரும்பச் சென்று, நீரேற்றியைச் செப்பம் செய்தான். “யாரும் செய்யச் சொல்லவில்லை மாமா” என்றான். அவன் அதனைச் சொன்னபோது நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டேன்.

நீரைப் பற்றிய இவ்வினா நம் நாட்டிற்கும் புதிதன்று. 1983-இல் ஆந்திரமும் தமிழகமும் செய்துகொண்ட தெலுங்கு கங்கை உடன்படிக்கையின்படி, கண்டலேற்றிலிருந்து பூண்டிக்குக் கால்வாய் வெட்டப்பட்டு, 1996-இல் கிருஷ்ணை நீர் தமிழக எல்லையை அடைந்தது. ஓர் ஊரின் நீரை மற்றோர் ஊர் பருக வேண்டுமாயின், இரண்டு ஊரும் வாழும் வழியை நாடி உழைக்க வேண்டும். பறித்துச் செல்வது எளிது. பகிர்ந்து வாழ்வதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

இன்னும் ஒன்று. ஆட்டத்தின் இறுதியில் நிற்கும் பெரும் பகைவனையும் சுடாமல் வெல்லலாம். அவன் கொண்ட கொள்கை தவறு என்பதற்குரிய சான்றைத் தேடி எடுத்துச் சென்று, எதிரே நின்று எடுத்துரைத்தால் போதும். பேச்சுத் திறனைக் குறித்துக்கொள்க என்று முன்னர்க் கூறியதன் காரணம் இதுவே.

எல்லாம் முடித்து அவன் தன் காப்பறை வாயிலுக்குத் திரும்புகின்றான். கதவு திறக்கின்றது. தலைவர் வெளியே வந்து நன்றி கூறுகின்றார். ஆனால், “நீ மாறிவிட்டாய், உன்னைக் கண்டால் இங்குள்ள இளையோரும் வெளியேற விரும்புவர்” என்னும் கருத்துப்படப் பேசி, உள்ளே விட மறுத்துவிடுகின்றார். காப்பாற்றிய ஊரே அவனுக்கு இல்லை. முடிவைக் கூறிவிட்டேனே என்று தம்பியர் சினவாதிருப்பாராக. விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று, “நீ இப்போது அந்த ஊர்க்காரன்” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிய நம்மவர்க்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. அன்னையார்தம் மகன் அக்காட்சியை அடையும் இரவில், அவன் அருகில் யாரேனும் இருத்தல் நலம்.

ஆகவே, அம்மையீர், கணினியைப் பூட்ட வேண்டாம் என்பது என் கருத்து. நேரத்திற்கு ஓர் எல்லை வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம் என்று கண்டிப்பாகக் கூறுங்கள். பாடத்தில் குறை நேர்ந்தால் ஆட்டத்தை நிறுத்தவும் தயங்காதீர்கள். ஆனால் அதற்கு முன் ஒரு நாள், ஐயாவும் தாங்களும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் அரை மணி நேரம் அமருங்கள். “பாழ்நகரத்து நீரேற்றியை என்ன செய்தாய், தம்பி?” என்று மட்டும் கேளுங்கள்.

அவன் தரும் விடையை எனக்கும் எழுதியனுப்புங்கள்.