விசா படிவத்தில் பொய் வேண்டாமே!

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே நம் வீடுகளில் அது ஆண்களும் ஏஜெண்டும் உட்கார்ந்து பேசி முடிக்கிற சமாசாரம். பெண்கள் காபி போட்டுக் கொடுப்பதோடு சரி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. 2024ல் என் தம்பி விஷயத்தில் நான் வாயைத் திறந்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான். அந்த அனுபவம் வாசகிகளுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பெரியக்கா 2005ல் கல்யாணமாகி அமெரிக்கா போனவள். குடியுரிமை கிடைத்த பிறகு, 2018ல் எனக்கும் தம்பிக்கும் தனித்தனியாகக் குடியேற்ற மனு போட்டாள். உடன்பிறந்தவர்களுக்கான இந்தப் பிரிவை எஃப்-4 என்கிறார்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 65,000 விசாதான். அதிலும் ஒரு நாட்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வேறு. 2025ல் நம் நாட்டவரில் முறை வந்தது யாருக்குத் தெரியுமா? 2006ல் மனு போட்டவர்களுக்கு! எங்கள் முறை வருவதற்குள் நான் பாட்டியாகிவிடுவேன். ரேஷன் கடை வரிசையில் பையைப் போட்டு வைத்த கதைதான். பை வரிசையில் இருக்கிறது, அரிசி கைக்கு வரவில்லை.

தம்பி எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. இன்ஜினியரிங் முடித்து மூன்று வருடம் வேலை பார்த்தவனுக்கு மேல்படிப்பு ஆசை. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக் கடன் ஏற்பாடு செய்தார். ஐ-20 காகிதமும் வந்துவிட்டது. பாக்கி இருந்தது விசாதான்.

விசாவுக்கு டி.எஸ்.-160 என்று ஒரு படிவம். ஏஜெண்ட் நிரப்பிக் கொடுத்ததைத் தம்பி என் வீட்டில் உட்கார்ந்து சரிபார்த்தான். நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். அவன் ஒவ்வொன்றாகப் படித்து அர்த்தம் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா?’ என்று ஒரு கேள்வி. எதிரில் ‘இல்லை’. ‘உடன்பிறந்தவர் யாராவது அமெரிக்காவில் இருக்கிறார்களா?’ அதற்கும் ‘இல்லை’!

“என்னடா இது, பெரியக்கா எங்கடா போனா?” என்றேன்.

ஏஜெண்ட் சொன்ன காரணம் இது. “மனு இருக்குன்னு சொன்னா, இவன் படிக்க வரலை, தங்கத்தான் வர்றான்னு ரிஜெக்ட் பண்ணிடுவாங்க சார். இல்லைன்னு போட்டா யாருக்குத் தெரியப்போகுது?”

அவர் பயமும் பொய்யில்லை. அங்கே 214(பி) என்று ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. மாணவர் விசா கேட்கிறவர் படிப்பு முடிந்து ஊர் திரும்புவார் என்று அவரேதான் நிரூபிக்க வேண்டும். அதுவரை குடியேற வருபவராகத்தான் கருதுவார்கள். ஒரு பக்கம் குடியேற்ற மனு, மறுபக்கம் ‘படித்துவிட்டுத் திரும்புவேன்’ என்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. மனு போட்டதே அந்த அரசாங்கத்திடம்தானே? நாமே கொடுத்த காகிதத்தை நாமே இல்லை என்றால் எப்படி? இதைக் கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பத்தாவது படிச்ச உனக்கு அமெரிக்கா சட்டம் தெரியுமா? உனக்கு ஏம்மா இந்த வேலை?” என்றார்.

நான் விடவில்லை. ராத்திரி பெரியக்காவுக்குப் போன் போட்டேன். அவள் தன் வக்கீலிடம் கேட்டுச் சொன்னாள். மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காகவே விசா மறுத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லையாம், அது அதிகாரியின் முடிவு. மறுத்தாலும் குடும்ப மனு அப்படியே இருக்கும், மாணவர் விசாவுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் தெரிந்தே பொய் சொல்லி மாட்டினால் வாழ்நாள் தடை! அதிலிருந்து விலக்கு கேட்பது லேசில்லை. படிப்பும் போய், நாளைக்கு எஃப்-4 முறை வரும்போது அதுவும் முட்டிக்கொள்ளும்.

தம்பி இரண்டு பதிலையும் ‘ஆம்’ என்று மாற்றினான். சென்னை ஜெமினி பாலத்தருகே உள்ள தூதரகத்தில் இன்டர்வியூ. மூன்று நிமிடம்கூட இல்லை. மறுத்துவிட்டார்கள்.

அன்று வீட்டில் இழவு விழுந்தது போல இருந்தது. அம்மா இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “நீ சும்மா இருந்திருந்தா பிள்ளை போயிருப்பான்” என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சொன்னார்கள். என் வீட்டுக்காரர்கூட, “உனக்கு இது தேவையா?” என்றார். சமையலறையில் தனியே அழுதிருக்கிறேன்.

பல்கலைக்கழகம் ஜனவரி சேர்க்கைக்கு இடத்தைத் தள்ளி வைத்துக் கொடுத்தது. மறுபடி 185 டாலர் விசா கட்டணம் கட்டி, புதுப் படிவம் போட்டான். இந்த முறை, ஏன் இந்தப் படிப்பு, திரும்பி வந்து இங்கே என்ன வேலைக்குப் போவான், கடனை எப்படி அடைப்பான் என்று தெளிவாகச் சொல்லப் பழகிக்கொண்டு போனான். மனுவைப் பற்றியும் கேட்டார்களாம். “அக்கா 2018ல் போட்டது. முறை வரப் பல வருஷம் ஆகும். இப்போது நான் படிக்கத்தான் போகிறேன்” என்றிருக்கிறான். விசா கிடைத்தது.

கிடைத்துவிட்டதால் இதை எழுதவில்லை. கிடைக்காமலே போயிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். உண்மை சொன்னதால் எங்களுக்கு ஒரு பருவமும் கொஞ்சம் பணமும் போயின. பொய் சொல்லியிருந்தால், எந்த நாள் தெரியவருமோ என்று ஆயுசு முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்திருப்போம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். படிவத்தை நிரப்புவது யாராக இருந்தாலும், அதில் உள்ளதற்குப் பொறுப்பு நம் பிள்ளைதான். மாட்டினால் ஏஜெண்ட் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். தடை விழுவது நம் பிள்ளை பெயரில்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளை விசாவுக்குப் படிவம் போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அர்த்தம் கேளுங்கள். ‘உனக்கென்ன தெரியும்’ என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். சட்டம் தெரியாவிட்டால் என்ன? எது உண்மை, எது பொய் என்று நமக்குத் தெரியுமே!

– ஒரு வாசகி, திருச்சி.