சித்திரவதைத் தடுப்புச் சட்டம் எப்போது வரும்?

மாண்புமிகு ஒன்றிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

கைது செய்பவரே காவலையும் தீர்மானிக்கக் கூடாது என்பது நம் அரசமைப்பின் ஏற்பாடு. அதனால்தான் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தச் சொல்கிறது 22ஆம் உறுப்பு. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த 20ஆம் உறுப்பு இடம் தரவில்லை. இந்த ஏற்பாட்டில் எங்களைப் போலவே தங்களுக்கும் நம்பிக்கை உண்டு என்று கருதியே எழுதுகிறேன்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997 அக்டோபரில் இந்தியா கையெழுத்திட்டது. ஏற்புறுதி இன்னும் அளிக்கவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா, மாநிலங்களவையின் தேர்வுக் குழுவுக்குப் போய், கடைசியில் காலாவதியானது. அது முந்தைய ஆட்சியின் குறை; தங்கள் மேல் சுமத்த மாட்டேன். ஆனால் 2017-இல் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையோடு வரைவு மசோதாவையும் எழுதிக் கொடுத்தது தங்கள் அரசிடம்தானே? அப்படியொரு சட்டத்துக்கு ஆணையிடக் கோரப்பட்டபோது, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் விலகிக்கொண்டது. அதிகாரப் பிரிவினையை மதித்து நீதிமன்றம் தங்களிடம் விட்ட பொறுப்பு அது.

மறு ஆண்டு ஜூனில், சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட பின் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், கேமராப் பதிவுகளைச் சேமிக்க வன்தட்டில் இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்திருந்ததைக் கண்டார். பணியிலிருந்த பெண் காவலர் ஒருவர்தான் துணிந்து சாட்சி சொன்னார். எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்று அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவை அழிப்பவர்களின் கையிலேயே கேமராவும் இருக்கும்போது, சட்டம் இல்லாமல் அது யாரைக் காக்கும்?

காவல்துறை மாநிலப் பொருள் என்பது தங்கள் அமைச்சகத்தின் வழக்கமான பதில். உண்மைதான். குற்றவியல் சட்டமோ பொதுப் பட்டியலில் இருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவை நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். வாக்குமூலத்துக்காகக் காயப்படுத்துவது பற்றிய பழைய பிரிவுகள் எண் மாறி அதில் இடம்பெற்றன. சித்திரவதை தனிக் குற்றமாக வரையறுக்கப்படவில்லை. உடன் வந்த நடைமுறைச் சட்டம், 15 நாள் போலீஸ் காவலை முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் பிரித்துப் பிரித்துக் கேட்க வழி செய்தது. காவலருக்கு வேண்டியதைச் செய்ய நேரம் கிடைத்த தங்களுக்கு, கைதானவருக்கு வாக்களித்ததைச் செய்ய நேரம் கிடைக்கவில்லை.

நாங்கள் பொறுத்தது போதும் என்றே நினைக்கிறேன். வரைவு தயாராக இருக்கிறது. அடுத்த கூட்டத்தொடரிலேயே அவையில் வையுங்கள். உடன்படிக்கைக்கு ஏற்புறுதி அளியுங்கள். இயலாது என்றால், ஏன் என்று நாடாளுமன்றத்தில் எழுந்து சொல்லுங்கள். அந்தப் பதிலைக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள குடிமகன்