பொட்டலத்துக்கு முன்னால் மைக்!

வெள்ளம் வடிந்த பிறகு சாம்பார் சாதப் பொட்டலம் கொடுக்கப் பலர் வருகிறார்கள். போட்டோவும் எடுத்துக் கொள்கிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பொட்டலம் வாங்க ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே!

தர்ம காரியம் வெள்ளத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். புதுச்சேரி அருகே உள்ள நல்லவாடு மீனவ கிராமத்தைக் கேட்டால் சொல்லும்.

சென்னை தரமணியில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், லாப நோக்கம் இல்லாத அறக்கட்டளை. அது 1998-ம் ஆண்டு முதல் புதுச்சேரி வட்டார கிராமங்களில் தகவல் மையங்களைத் திறந்தது. கம்ப்யூட்டர், போன், கடலோர ஊர்களில் ஒலிபெருக்கி. அலை எவ்வளவு உயரம் என்று மைக்கில் சொல்வார்கள். கேட்டுவிட்டுத்தான் மீனவர்கள் கடலுக்குப் போவதா, வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர், சுனாமி செய்தி தெரிந்து வீட்டுக்குப் போன் போட்டார். மையம் பூட்டிக் கிடந்தது. ஜனங்கள் கதவை உடைத்தார்கள். மைக்கில் அலறினார்கள். 3 ஆயிரத்து 600-க்கும் அதிகமானோர் ஓடித் தப்பினார்கள். வீடுகள் போயின. படகுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை!

அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் பலியானோர் 6 ஆயிரத்துக்கு மேல்.

போன் ஒரு வீட்டுக்குத்தான் கேட்கும். மைக் ஊருக்கே கேட்கும். அதுவும் நாள்தோறும் கேட்டுப் பழகிய மைக். அதனால்தான் ஜனம் நம்பி ஓடியது.

சென்னைக்கு இந்தப் பாடம் தேவை இல்லையா? 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது. கரண்டு போச்சு. செல்போனும் போச்சு. தண்ணீர் வாசலைத் தாண்டிய பிறகே பலருக்கு விஷயம் தெரிந்தது.

தெருவுக்குத் தெரு மன்றம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. வசூலும் நடக்கிறது. அதில் ஒரு பங்கைப் பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கிக்கு ஒதுக்கலாமே! நடக்க முடியாத பெரியவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று இப்போதே எழுதி வைக்கலாமே! ஏரி திறக்கும் நேரத்தை அதிகாரிகள் முதலில் இவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நல்லவாட்டில் பூட்டை உடைக்க நேரம் கிடைத்தது. எல்லா வெள்ளமும் அந்த நேரத்தைக் கொடுக்காது. மைக் அறையின் சாவி அந்தத் தெருக்காரர் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்!