குடும்பத்தைத் துறந்தவர்

கொண்டபல்லி சீதாராமய்யாவைப் பற்றிப் பேசும் தோழர்கள் சிலர், அவர் புரட்சிக்காகக் குடும்பத்தைத் துறந்தவர் என்று கண்கள் பனிக்கச் சொல்வார்கள். அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

நான் வத்தலக்குண்டுக்காரி. சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர். எங்களுக்குத் தியாகம் என்ற சொல் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிடும். சிவா சிறையில் பட்ட பாட்டை எங்கள் மாணவிகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அவர் மனைவி பெயர் மீனாட்சியம்மாள் என்று சொல்ல, நான் கேட்டவர்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. சிறைக்கு வெளியே இருந்தவள் பட்டதற்குப் பாடப்புத்தகத்தில் இடமில்லை.

சீதாராமய்யா தெலங்கானா போராட்டத்தில் நின்றவர். 1951இல் அது கைவிடப்பட்டது. 1980இல் மக்கள் யுத்தக் கட்சியைத் தொடங்கினார், பின்னாளில் அந்தக் கட்சியே அவரை வெளியேற்றியது, 2002இல் இறந்தார். எழுச்சி தோற்றது, தலைவர் வரலாற்றில் நின்றார்.

கோட்டேஸ்வரம்மா? குழந்தையிலேயே மணமுடிக்கப்பட்டு விதவையானவர். அவரை மறுமணம் செய்தவர் இதே சீதாராமய்யாதான். அந்தக் காலத்தில் அது சின்னக் காரியமல்ல, அதை மறுக்க மாட்டேன். கோட்டேஸ்வரம்மாவும் கட்சிக்காரர். மேடையில் பாடினார், நாடகத்தில் நடித்தார், தலைமறைவாக அலைந்தார். போராட்டம் ஓய்ந்தபின் கணவர் அவரை விட்டு இன்னொரு பெண்ணோடு வாழப் போனார். இதில் புரட்சி எங்கே வந்தது? ஊரில் எந்தச் சம்சாரி செய்தாலும் இதற்குப் பெயர் பெண்டாட்டியைத் தள்ளிவைப்பது. தலைவர் செய்தால் மட்டும் துறவா?

அதற்குப்பின் அந்த அம்மாள் முப்பது வயதைத் தாண்டிப் பள்ளிப்படிப்புப் படித்தார். காக்கிநாடாவில் மாணவியர் விடுதியில் வேலை பார்த்தார். நக்சல்பாரி இயக்கத்துக்குப் போன மகன் சந்து திரும்பவில்லை. மருத்துவரான மகள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இரண்டு சாவையும் தாங்கிக்கொண்டு பேத்திகளுக்காக இருந்தார். இதையெல்லாம் அவரே எழுதினார். 2012இல் வந்த ‘நிர்ஜன வாரதி’, கௌரி கிருபானந்தனின் தமிழில் ‘ஆளற்ற பாலம்’. படித்துப் பாருங்கள், கணவரைத் திட்டித் தீர்க்கும் புத்தகமல்ல அது. நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

சொந்த விஷயத்தை அரசியலோடு கலக்காதே என்பார்கள். கலந்தது யார்? தலைமறைவு வாழ்க்கைக்கு மனைவி தேவைப்பட்டபோது அது இயக்க வேலை. அவளைக் கைவிட்டபோது மட்டும் சொந்த விஷயம். நிலம் யாருக்கு, விளைச்சல் யாருக்கு என்று துல்லியமாகக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள், ஒரு பெண்ணின் உழைப்பை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

முதுமையில் அவர் பார்க்க விரும்பியபோது கோட்டேஸ்வரம்மா உடனே இசைந்துவிடவில்லை. 2018இல், நூறு வயதில் இறந்தார். சீதாராமய்யாவின் வாழ்க்கையை இனி எழுதுகிறவர்கள் அந்தத் தயக்கத்தையும் எழுதட்டும், 1980ஐ எழுதும் அதே எழுத்தளவில்.