ரத்தப் பரிசோதனை ‘நார்மல்’... குடல்வால் அழற்சி இல்லையா?

“14 வயது மகனுக்கு விடியற்காலையில் தொப்புளைச் சுற்றி வலி. ரத்தம் எடுத்துப் பார்த்து ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, குடல்வாலுக்கு ஆபரேஷன் செய்யவேண்டியதாகிவிட்டது. முதல் நாள் பரிசோதனை தப்பா?” என்று கேட்டிருக்கிறார், ஒட்டன்சத்திரம் பகுதி வாசகி ஒருவர்.

தப்பாக இருக்கவேண்டும் என்பதில்லை. சீக்கிரமே எடுத்ததாக இருக்கலாம். தண்டுத்துளைப்பான் நுழைந்த அன்றைக்கே நெல்லில் நடுக்குருத்து காய்ந்துவிடுவதில்லையே!

குடல்வாலின் வாய் அடைபட்டு, உள்ளே கிருமி பெருகும்போது அதை எதிர்க்க ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடும். பெரியவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழக்கம். குடல்வால் வீங்கியவர்களில் பெரும்பாலோருக்கு இது 10,000-ஐத் தாண்டும். சிலருக்குத் தாண்டாது. சி.ஆர்.பி. என்ற இன்னொரு பரிசோதனை இன்னும் மெதுவானது. வலி தொடங்கி ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்துதான் தெளிவாகக் காட்டும். அதனால் வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

எண்ணிக்கை கூடியிருந்தாலும் குடல்வால்தான் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீர்த் தொற்றிலும் நிமோனியாவிலும் கூடும். கர்ப்பிணிகளுக்கு நோயே இல்லாமலும் கூடும்.

1986-ல் அல்வராடோ என்ற மருத்துவர் இதற்கு ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். மொத்தம் 10. அதில் ரத்தத்துக்கு 3 மட்டுமே. வலி இடம் மாறியது, பசியின்மை, குமட்டல், காய்ச்சல், வலது அடிவயிற்றைத் தொட்டால் வலிப்பது, அழுத்திய கையை எடுக்கும்போது சுரீரென்பது ஆகியவற்றுக்கு மீதி 7. வயிற்றில் கை வைத்துப் பார்க்காமல், சீட்டை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் கேள்வி கேட்கத் தயங்கவேண்டாம். சந்தேகம் இருந்தால் சில மணி நேரம் கழித்து மறுபடி வயிற்றைப் பார்ப்பதும், ரத்தம் எடுப்பதும், ஸ்கேன் செய்வதும்தான் முறை. “எப்போது திரும்ப வரவேண்டும்?” என்று கேட்காமல் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.

இடையில் பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுப்பதும், ‘குடலேற்றம்’ என்று வயிற்றை நீவிவிடுவதும் ஆபத்து, குடல்வால் வெடித்துவிடலாம். வலி திடீரென்று குறைந்து, பிறகு வயிறு முழுக்க வலித்துக் கல்லாக இறுகினால் வெடித்துவிட்டது என்றே எண்ணி, உடனே 108-ஐ அழைக்கவேண்டும்.

கல்யாணமான பெண்களுக்கு இந்த வலி வந்தால், ரத்தத்தோடு சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் கட்டாயம். கருக்குழாயில் தங்கிய கருவும் இதேபோலத்தான் வலிக்கும்.