முன்வாசல் வழியே வரும் ஊடுருவல்

போராட்டம் ஒன்று நீர்த்துப்போனதற்குக் காரணம் தேடப்படும்போது, உள்ளே ஆள் புகுந்துவிட்டது என்ற விடையே இயக்கத்தாரின் வாயில் முதலில் வருகிறது. ஊடுருவல் என்பது எதிர்த்தரப்பின் ஆள் நண்பனாக வேடமிட்டு இயக்கத்தினுள் நுழைந்து, செய்தி கடத்துவதும் தவறான செயலுக்குத் தூண்டுவதும் ஆகும். அது உண்மையிலேயே நிகழ்வதுதான் என்றாலும், தொழிற்சங்கங்களிலும் மக்கள் அமைப்புகளிலும் பொறுப்பு வகிப்போர் அதை மட்டுமே அஞ்சிக்கொண்டிருந்தால், அதைவிடப் பெரிய கேடு ஒன்று கண்ணில் படாமல் போய்விடும்.

ரஷ்யாவின் சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சியில் ஆயுதப் பிரிவுக்கே தலைவராக இருந்த எவ்னோ அசேஃப், ஜார் அரசின் கூலி உளவாளி என்பது 1908-ஆம் ஆண்டையொட்டி அம்பலமானபோது, அவர் காட்டிக்கொடுத்ததால் நேர்ந்த இழப்பைவிட, அதன்பின் யாரும் யாரையும் நம்ப முடியாமல் போனதே அந்தப் பிரிவை முடக்கிப்போட்டது. அமெரிக்காவில் 1956 முதல் 1971 வரை எஃப்.பி.ஐ. இரகசியமாக நடத்திய கொயின்டெல்ப்ரோ திட்டமும், பெயரிலாக் கடிதங்கள் வழியாகவும், உண்மையான ஊழியர் மீதே உளவாளி என்ற முத்திரையைக் குத்துவதன் வழியாகவும், குழுக்களிடையே முன்பே இருந்த பூசல்களை ஊதிப் பெருக்கியது. உளவாளி பெரும்பாலும் விரிசலை உண்டாக்குவதில்லை; இருக்கும் விரிசலில் ஆப்பு இறக்குகிறான்.

முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை, அதாவது உள்ளாட்சிப் பிரிவுகளைச் சேர்ந்தோர்க்கு இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் உயிரிழந்தபோதும் உடையாத இயக்கம், கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவின் தலைமையில் எட்டு மணி நேர வேலையை வென்றெடுத்தது. ஆனால் அதே அரசியலின் தொடர்ச்சியாக உருவான தேசிய ஜனநாயக முன்னணி, 1946 தேர்தல்களில் வென்ற சூட்டிலேயே சிதறத் தொடங்கியது. 1947-இல் எதுவார் குபேர் தலைமையில் தோன்றிய பிரெஞ்சிந்திய சோசலிஸ்ட் கட்சி பிரெஞ்சு நிர்வாகத்தின் ஆதரவோடு வளர, இந்தியாவுடன் இணைப்பை விரும்பிய காங்கிரசாரும் கம்யூனிஸ்டுகளும் ஒருவரையொருவர் ஐயுற்றுத் தனித்தனியே நின்றனர். 1950 ஜனவரியில் சுப்பையாவின் வீடு தாக்கப்பட்டது; 1951-இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்களோ, இணைப்பு குறித்த சுதந்திரமான வாக்கெடுப்புக்கு உகந்த சூழல் அங்கில்லை என்றனர்.

நிலஅமைப்பும் இப்பிளவை ஆழப்படுத்தும் தன்மையுடையதாக இருந்தது. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல், இந்திய நிலத்தினிடையே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடப்பதால், திருக்கனூர்ப் பக்கத்தில் ஒரு வரப்பு பிரெஞ்சு நிலமாகவும் அடுத்த வரப்பு இந்தியாவின் தென்னார்க்காடு மாவட்டமாகவும் இருந்தன. வரப்பைத் தாண்டி அடைக்கலம் தேடியவருக்கும், உள்ளூரிலேயே அடக்குமுறையைத் தாங்கியவருக்கும் இடையே ஒரு கூப்பிடு தூரம்தான் என்றாலும், கலந்து பேச ஒரு பொது அவை இல்லாதபோது அந்த இடைவெளியை நிரப்புவது வதந்தியே.

1954 மார்ச்சில் காற்று திசைமாறியது. பிரெஞ்சு ஆட்சியின் தூணாகக் கருதப்பட்ட குபேர், வாக்கெடுப்பின்றியே இணைய வேண்டும் என்ற பக்கத்துக்கு வந்து, அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார். கம்யூனிஸ்டுகள் தனித்து இயங்கினர். மேற்குக் கொம்யூன்கள் அடுத்தடுத்துக் கைமாறின. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். இப்பிரதிநிதிகளை உருவாக்கிய முந்தைய தேர்தல்களில் மேலோங்கி நின்றது குபேரின் சோசலிஸ்ட் கட்சி என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்ணின் பொருள் விளங்கும். குபேர் 1963-இல் புதுச்சேரியின் முதலமைச்சரானார். கடற்கரைச் சாலையும் பெரிய மார்க்கெட்டும் இன்று அவர் பெயரைத் தாங்குகின்றன.

குபேரின் இந்த மாற்றத்தை வஞ்சகம் என்று சுருக்குவது வரலாற்றுக்கு நியாயமாகாது. அவரது வருகையின்றி இணைப்பு அவ்வளவு விரைவாகக் கைகூடியிருக்குமா என்பது ஐயமே. அமைப்பாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. உளவாளி கொல்லைப்புறமாக வருகிறான். பழைய எதிரியோ மாலை மரியாதையோடு முன்வாசல் வழியே வருகிறார். புதிதாக வந்தவருக்கு எப்பொறுப்பை எப்போது, யாரைக் கேட்டு வழங்குவது என்ற விதி இல்லாத இயக்கம், பிளவுபட்டும் கிடக்குமானால், வெற்றி பெறும் நாளிலேயே தலைமையைக் கைநழுவ விடுகிறது.

ஆகவே உளவாளி வேட்டை மருந்தன்று. அது ஐயத்தையே வளர்க்கும். தீர்மானப் புத்தகம் எவரும் பார்க்கத்தக்கதாக இருத்தல், வரவுசெலவைப் பொதுக்குழுவில் வாசித்தல், ஒருவர் மீதான குற்றச்சாட்டை டீக்கடையில் பேசாமல் அவர் முன்னிலையில் எழுத்தில் வைத்து விசாரித்தல், வன்செயலுக்கு அழைப்பவர் எவராயினும் அந்த யோசனையைக் குழுவின் முடிவுக்கு விடுதல் ஆகிய சாதாரண நடைமுறைகள், ஆள் யார் என்று ஆராயாமலேயே அவர் செய்யக்கூடிய கேட்டின் அளவைக் குறைக்கின்றன. ஒத்த நோக்குடைய அமைப்புகள் தம் வேறுபாடுகளை மறைக்காமல் எழுதி வைத்துக்கொண்டு, ஒத்துப்போகும் கோரிக்கைக்கு மட்டும் கூட்டுக் குழு அமைத்துக்கொள்வதும் அத்தகையதே.

ஆண்டுதோறும் சட்டப்படியான இணைப்பு நாளாகிய ஆகஸ்டு 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றப்படும்போது 170 என்ற எண் நினைவுகூரப்படுகிறது. 1936-இல் மில் வாசலில் விழுந்த பன்னிருவரும் அதே கணக்கின் முதல் வரிகள் என்பதைச் சொல்லித்தருவது, இன்று சங்கம் நடத்துவோரின் பொறுப்பு.