காசு கட்டுமுன் கடதாசியைப் பாருங்கள்



பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் முப்பது வருடம் தேங்காய் உரித்த எமது அங்கத்தவர் ஒருவருக்குப் புற்றுநோய். பெற் ஸ்கான் எடுக்கச் சொல்லி வைத்தியர் எழுதிக் கொடுத்தார். மனைவியின் தோட்டை அடகு வைத்து, வட்டிக்கும் வாங்கி, கொழும்பில் தனியாரிடம் எடுத்தார்கள். கிடைத்த சிட்டையில் ‘ஸ்கான்’ என்ற ஒரு சொல்லும் ஒரு தொகையும் மட்டுமே இருந்தன. உதவி கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்தது. சிட்டையில் நோயின் பெயர் இல்லை. அவருடைய பெயரும் அடையாள அட்டையோடு பொருந்தவில்லை. அந்தக் குடும்பம் இன்றும் வட்டி கட்டுகிறது.

இந்த ஸ்கானில் இரண்டு செலவு உண்டு. ஒன்று இயந்திரத்துக்கு, மற்றது ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்துக்கு. வழமையான மருந்து புளோரின்-18 சேர்த்த ஒருவகைச் சர்க்கரை. 110 நிமிடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும்; எடுத்து வைத்து நாளைக்குப் பாவிக்க முடியாது. புரொஸ்டேட் புற்றுநோயை மட்டும் குறிவைத்துத் தேடும் பிஎஸ்எம்ஏ மருந்துகளும் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றுக்கு அமெரிக்கா 2020 டிசம்பரில் அனுமதி கொடுத்தது.

அந்த நாட்டில் ஸ்கானுக்கு ஒரு குறியீடு, மருந்துக்கு வேறொரு குறியீடு, நோய்க்கு இன்னொன்று. சர்க்கரை மருந்துக்கு ஏ9552, புரொஸ்டேட் புற்றுநோய்க்கு சி61. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் காப்புறுதி காசு தராது. எங்களிடம் அந்தக் காப்புறுதி இல்லை. ஆனால் கடதாசி பிழைத்தால் காசு இல்லை என்ற விதி மட்டும் இங்கும் அதுதான்.

ஆகவே, கடன் வாங்குமுன் கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள்: அரச வைத்தியசாலை மூலம் எடுக்க வழி உண்டா? தனியாரிடம்தான் என்றால் முதலில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அதில் நோயின் பெயர், ஸ்கானின் பெயர், மருந்தின் பெயர், ஒவ்வொன்றுக்குமான தொகை, அடையாள அட்டையில் உள்ளபடியே உங்கள் பெயர் ஆகியவை இருக்கவேண்டும். பணம் கட்டியபின் தரும் பற்றுச்சீட்டும் அப்படியே இருக்கவேண்டும்.

ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க இப்போது கொழும்புக்கு அலையத் தேவையில்லை. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஊழியர் சேமலாப நிதியிலும் மருத்துவத் தேவைக்கு 30 வீதம் வரை முன்கூட்டியே பெறச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கு நிபந்தனைகளும் உண்டு. ஆனால் தோட்டம் பணம் கட்டியிருந்தால்தானே அந்த 30 வீதம்? தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம் என்பது சட்டம். எண்ணிக்கைக் கணக்கில் தேங்காய் உரிப்பவருக்கும் பறிப்பவருக்கும் அது பொருந்தும். “நீ கைக்காசு ஆள்” என்று சொல்லும் கங்காணிக்கு இதையே பதிலாகச் சொல்லுங்கள். நோய் வந்தபின் கணக்கைத் தேடிப் பயனில்லை. இந்த மாதமே பாருங்கள்.

எங்கள் குறையையும் சொல்லவேண்டும். பாடசாலை இடாப்பில் பிள்ளையின் பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்டபடி எழுதிவிட்டு விட்டவர்கள் ஆசிரியர்களாகிய நாமும்தான். அந்தப் பிழை கிளினிக் கொப்பிவரை பின்னால் வருகிறது. இனி ஒவ்வொரு கிளையிலும் அங்கத்தவரின் அடையாள அட்டை, சேமலாப நிதி இலக்கம், கிளினிக் கொப்பி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பெயர் வேறுபட்டால் கிராம அலுவலரிடம் நாமே கூட வருவோம்.

அரசுக்கும் ஒரு சொல். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து நிதி சேர்த்தார்கள். மகரகம வைத்தியசாலைக்கு ஒரு பெற் ஸ்கான் இயந்திரம் வாங்க 2016இல் 20 கோடி ரூபாய் இலக்கு வைத்துச் சேர்த்ததும் மக்களே. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் கொடுத்தார்கள். மக்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். வடக்கின் நோயாளி வடக்கிலேயே, இலவசமாக இந்த ஸ்கானை எடுக்க வழி செய்வது அரசின் பங்கு. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

அதுவரை, ஒரு தோடும் ஒரு கடதாசிப் பிழைக்காக அடகுக் கடையில் மூழ்கக்கூடாது. சிட்டை விளங்கவில்லையா? கையெழுத்து வைக்காதீர்கள். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.